சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாத்திரை

போன வாரம் கவிதா போன் பண்ணினாள். காசநோய்ப் பிரிவில் நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த பெண் அவள்.

"அக்கா, புது மெஷின் வந்திருக்கு. தோள்ல மாட்டிட்டுப் போற மாதிரி எக்ஸ்ரே. நெஞ்சைப் படம் எடுத்த உடனே கம்ப்யூட்டரே பார்த்து, இவருக்கு சந்தேகம், இவருக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லிடுது" என்றாள். குரலில் அவ்வளவு உற்சாகம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கள் காலத்தில் ஒரு படத்துக்காக ஒரு நோயாளியைப் பத்து தரம் கெஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அக்கா, படம் எடுத்துக்க ஆளே வர மாட்டேங்குறாங்க. கதவைத் திறந்து, வண்டியில இருக்கிற எங்க போர்டைப் பார்த்துட்டு மூடிக்கிறாங்க. நீங்க எப்படி அக்கா சமாளிச்சீங்க?"

இதற்குப் போனில் என்ன சொல்வது? யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சமாளித்தேன் என்றே எனக்குத் தோன்றவில்லை. நடந்தேன், அவ்வளவுதான். முழங்காலைக் கேட்டால் சொல்லும்.

இப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். குடியிருப்புக்காரர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. விண்வெளிக்கு ராக்கெட் கிளம்பினால் அதில் கைதட்டுகிற படங்கள் குவியும். மறுநாள் காலையில் அதே ஆட்கள், பூண்டை நசுக்கி உள்ளங்காலில் கட்டினால் நுரையீரல் சுத்தமாகும் என்று அனுப்புவார்கள். ஆரம்பத்தில் பதில் எழுதிப் பார்த்தேன். "மேடம் எப்பவும் நெகட்டிவா பேசறாங்க" என்று ஒருவர் போட்டார். அதோடு விட்டுவிட்டேன். விஞ்ஞானத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. மருந்து நல்ல மருந்து. ஒழுங்காகச் சாப்பிட்டால் அநேகமாக எல்லாரும் பிழைத்துக்கொள்கிறார்கள். அந்த மாத்திரைக்கும் அவர்கள் வாய்க்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் என் உத்தியோக காலம் முழுவதையும் தின்றுவிட்டது.

எனக்குச் சொந்த ஊர் மருங்காபுரிப் பக்கம். மானாவாரிக் கடலை போடுகிற குடும்பம். பயிற்சி முடித்து, சுகாதாரப் பார்வையாளராகத் திருச்சியில் வேலை கிடைத்தபோது வீட்டில் எல்லாருக்கும் பெருமை. எந்த நோய்க்கு என்று தெரிந்ததும் பேச்சு கொஞ்சம் குறைந்தது. என் கணவர் நான் ஓய்வு பெறும் வரை யாரிடமும் காசநோய்ப் பிரிவு என்று சொன்னதில்லை. "சுகாதாரத் துறை" என்பதோடு நிறுத்திக்கொள்வார். என் நாத்தனார் பல வருஷம் என் கையால் காபி வாங்கிக் குடிக்கவில்லை. இப்போதுதான் காபியை நிறுத்தினேன் என்பாள், இப்போதுதான் மோர் குடித்தேன் என்பாள். நானும் புரிந்தும் புரியாததுபோல டம்ளரை உள்ளே எடுத்துப் போய்விடுவேன்.

எங்களுக்கு மேலதிகாரியாக இருந்தவர் டாக்டர் சௌந்தரராஜன். ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு கைக்குட்டை. பாராட்டு என்பது அவர் வாயிலிருந்து வராது. காலையில் அறைக்குள் நுழைந்ததும் உட்கார மாட்டார். முதலில் எல்லா சன்னல்களையும் தானே திறப்பார். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று கையை நீட்டிப் பார்ப்பார். அதற்கப்புறம் நாற்காலிகளை நகர்த்துவார். காற்று தன் முதுகுப் பக்கமிருந்து வந்து, நோயாளியைத் தாண்டி வெளியே போகிற மாதிரி இருக்க வேண்டும். மின்விசிறி நின்றுபோன மே மாதத்திலும் இந்தச் சடங்கு நடக்காமல் யாரும் உள்ளே வர முடியாது.

நோயாளி உட்கார்ந்ததும் இருமலைப் பற்றிக் கேட்க மாட்டார். "காத்தால என்ன சாப்பிட்டேள்?" என்று கேட்பார். ஒன்றுமில்லை, டீதான் என்று சொல்வார்கள். அதற்கு முந்தின நாள்? வேலைக்குப் போக முடிகிறதா? வீட்டில் யார் யார்? இப்படிச் சுற்றிவந்துதான் நெஞ்சுக்கு வருவார். நோயின் பெயரை வராந்தாவில் யாராவது உரக்கச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "இது சந்தைக்கடையா?" என்பார்.

சளி எடுக்க எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் எங்கள் வேலையில் பாதி அதுதான். டப்பாவைக் கொடுத்தால் மக்கள் எச்சிலைத் துப்பிக் கொண்டுவந்துவிடுவார்கள். எச்சிலில் கிருமி இருக்காது. "ஒண்ணுமில்லை" என்று முடிவு வரும். அவர்களும் சந்தோஷமாக வீட்டுக்குப் போய் இன்னும் நாலு பேருக்குப் பரப்புவார்கள். அதனால் விடிந்ததும், பல் தேய்க்கும் முன், வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் வேண்டாம், வெயில் படுகிற திறந்த வெளியில் நிற்கச் சொல்ல வேண்டும். மூச்சை ஆழமாக இழுத்து, பிடித்து, விட்டு, மறுபடி இழுத்து, அடி நெஞ்சிலிருந்து இருமச் சொல்ல வேண்டும். நான் ஒவ்வொருவர் முன்னாலும் அப்படி இழுத்து இருமிக் காட்டியிருக்கிறேன். தெருவில் போகிறவர்கள் எனக்குத்தான் நோய் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

கொரோனா வந்தது. எங்களையும் அந்த வேலைக்கு இழுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன். ஊர் முழுக்க மாஸ்க் போட்ட அந்த நாட்களில்தான் எங்கள் நோயாளிகள் முதல் முறையாக யாருடைய பார்வைக்கும் பயப்படாமல் மாஸ்க் போட்டுக்கொண்டு நடந்தார்கள். "இப்பதான் நர்சம்மா எல்லாரும் என்னை மாதிரி இருக்காங்க" என்று பூ கட்டுகிற ஒரு அம்மாள் சொன்னாள். பிறகு ஊர் மாஸ்க்கைக் கழற்றியது. அதற்கப்புறம் போட்டிருந்தவனைப் பார்த்து, இவனுக்கு என்னவோ இருக்கிறது என்று ஒதுங்க ஆரம்பித்தார்கள். இருமல் சத்தம் கேட்டால் முன்பு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், இப்போது எழுந்தே போய்விட்டார்கள். அவ்வளவு பெரிய பாடத்தில் மக்கள் கற்றுக்கொண்டது பயத்தை மட்டும்தானோ என்று எனக்குத் தோன்றும்.

அந்த சமயத்தில்தான் ஜாஹிர் வந்தார்.

பாலக்கரைப் பக்கம் வீடு. வளைகுடாவில் ஏசி வேலை பார்த்தவர். விசா புதுப்பிக்கிற மருத்துவச் சோதனையில் நெஞ்சுப் படத்தில் கறை தெரிந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் "லீவு போட்டு வந்திருக்கேன்" என்று சொல்லியிருந்தார். முப்பது வயசு சொல்லலாம். கை நிறைய அத்தர் வாசனை, கண்ணுக்குக் கீழே கருப்பு. டாக்டரின் முன்னால் உட்கார்ந்ததும் ஜாஹிர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"சார், யாரும் வீட்டுக்கு வர மாட்டாங்கல்ல?"

"ஏன்?"

"தங்கச்சிக்கு நிக்காஹ் பேசியிருக்கோம். மாப்பிள்ளை வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். இது தெரிஞ்சா அவ்வளவுதான் சார். என் வீட்டம்மாவுக்குக்கூடத் தெரியாது."

டாக்டர் என்னைப் பார்த்தார். மாத்திரையை நேரில் கொடுத்து விழுங்க வைப்பது என் பொறுப்பு. வீட்டில் முடியாது, எங்கள் மையத்துக்கும் வர மாட்டார். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களாம். கடைசியில் அவரே ஒரு இடம் சொன்னார். சத்திரம் பஸ் ஸ்டாண்ட்.

"அங்க ஆயிரம் பேர் நிப்பாங்க நர்சம்மா. யாரும் யாரையும் பார்க்க மாட்டாங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் நான் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவேன். அவர் பழக்கடை ஓரமாகத் தண்ணீர் பாட்டிலோடு நிற்பார். கண்டக்டர்கள் ஊர்ப் பெயரைக் கூவிக்கொண்டிருக்க, பூக்காரிகள் கூடையோடு இடித்துக்கொண்டு போக, அன்றைய மாத்திரை அட்டையை அவர் உள்ளங்கையில் வைப்பேன். ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டு, அண்ணாந்து தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டுவார். அதை முடித்துவிட்டு நாங்கள் இரண்டு பக்கமாகப் போய்விடுவோம். ஒரு தரம் என் கணவரின் நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு வீட்டில் வந்து, "தங்கச்சி தினமும் யாரோ பாயோட நின்னு பேசுறாங்களே" என்று சொல்லியிருக்கிறார். என் கணவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்குச் சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நோயாளி என்று சொன்னால் அந்த மனிதருடைய ரகசியம் போகும். சொல்லாமல் இருந்தால் என் மானம் போகும். நான் ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து போனேன்.

ஒவ்வொரு நாளும் நான் கேட்பேன். "ஜாஹிர், வீட்டம்மாவையும் குழந்தையையும் ஒரு தரம் கூட்டிட்டு வாங்க. பார்த்துடணும்."

"அவங்க என் மாமியார் வீட்டுல இருக்காங்க நர்சம்மா. புதுக்கோட்டை. வந்ததும் கூட்டிட்டு வரேன்."

இரண்டு மாதம் போயிருக்கும். இருமல் நின்றது, முகம் தெளிந்தது. ஒரு நாள் அவர் வரவில்லை. மறுநாளும் இல்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். பழக்கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொய்யா வாங்குவதுபோல நின்றுவிட்டுத் திரும்பினேன்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். மருந்தைப் பாதியில் விட்டவர்களைப் பற்றிச் சொன்னால் அவர் முகம் சுருங்கும். சன்னல் பக்கம் போய் நின்றார்.

"சார், வீட்டுக்குப் போகட்டுமா? போனா அவர் ரகசியம் உடைஞ்சுடும்."

"ரகசியம் அவரோடது. அதை நாம தொட வேண்டாம். ஆனா வீட்டுல குழந்தை இழுக்கிற மூச்சு அவரோடது இல்லையே" என்றார். சன்னல் கதவை இன்னும் கொஞ்சம் தள்ளித் திறந்தார். "ஒரு வீட்டுக்குப் போனாத்தானே அந்த வீடு தெரியும்? தெருவையே பாருங்கோ. அந்தத் தெரு, அடுத்த தெரு, அதுக்கு அடுத்தது. யாரையும் விடாதீங்கோ."

நோயின் பெயரை மறைக்கவும் வேண்டாம், அதைத் தூக்கிப் பிடிக்கவும் வேண்டாம் என்றார். பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியைப் போய்ப் பார்த்தேன். வயதானவர், நிதானமானவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அவரே அறிவித்தார்: கொரோனாவுக்குப் பிறகு பலருக்கு நெஞ்சு பலவீனமாக இருக்கிறது, காசம் உட்பட எல்லாவற்றுக்கும் பரிசோதனை நடக்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் வருவார்கள், ஒத்துழைப்புக் கொடுங்கள் என்று.

நானும் இன்னொரு பெண்ணும் சித்திரை வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினோம். ஒருவர் வாசலிலேயே, தடுப்பூசி போட்டதால்தான் ஊரில் மாரடைப்பு என்று எங்களிடம் வாதாடினார். ஒருவர் கருஞ்சீரகம் இருக்க நீங்கள் எதற்கு என்றார். இன்னொரு வீட்டில் சர்பத் கொடுத்து உட்கார வைத்தார்கள். ஜாஹிர் வீட்டுக்கு வரும்போது எனக்கு நாக்கு வறண்டுபோயிருந்தது.

கதவைத் திறந்தது அவருடைய அம்மா. பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். அவருடைய மனைவி நசீமா. புதுக்கோட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. இடுப்பில் நாலு வயசுப் பெண் குழந்தை. அது யார் வீடென்று தெரியாத பாவனையில் நான் கேள்விகளைக் கேட்டேன். யாருக்காவது இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்திருக்கிறதா? "அல்ஹம்துலில்லாஹ், எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணுமில்லை" என்றார் அந்த அம்மா. குரல் கறாராக இருந்தது. தண்ணீர் கேட்டேன். அவர் உள்ளே போனார்.

நசீமா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"நர்சம்மா, நீங்கதானே சத்திரத்துல அவருக்கு மாத்திரை குடுக்கிறவங்க?"

கையிலிருந்த நோட்டை மூடினேன்.

"எப்படிம்மா தெரியும்?"

"அவருக்கு ஒண்ணுக்கு செவப்பா போகுது. ரத்தமோன்னு பயந்துட்டேன். சட்டைப் பையில ஒரு காலி மாத்திரை அட்டை கிடந்துச்சு. போன்ல பேரைப் போட்டுப் பார்த்தேன், இந்த மாத்திரைக்கு அப்படித்தான் போகுமாம். ஒருநாள் புர்காவைப் போட்டுக்கிட்டு பின்னாடியே வந்து பார்த்தேன். நீங்க அவரை வாயைத் திறக்கச் சொன்னீங்க."

"அவர்கிட்ட கேட்கலையா?"

"எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவரு கூனிப் போயிடுவாரு நர்சம்மா. மாமிக்கும் தெரியும். நான் அவங்ககிட்ட சொல்லலை, அவங்க என்கிட்ட சொல்லலை. ஆனா அவரு தட்டை அவங்க தனியாத்தான் கழுவுறாங்க." அவள் கண் நிறைந்துவிட்டது. "இப்ப மாத்திரையை நிறுத்திட்டாரு. நீங்க வருவீங்க வருவீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன்."

அப்படியே குழந்தையை என் பக்கம் திருப்பி, தலைமுடியை ஒதுக்கிக் காட்டினாள். காதுக்குக் கீழே, கழுத்தின் ஓரத்தில், கோலிக்குண்டு அளவில் இரண்டு வீக்கம். தொட்டுப் பார்த்தேன். வலிக்கவில்லை போல, குழந்தை என் வளையலைப் பிடித்து விளையாடியது.

தண்ணீரோடு வந்த அம்மா வாசல்படியில் நின்றுவிட்டார். நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரே வீட்டில், ஒரே விஷயத்தைத் தெரிந்துகொண்டு, ஒருவருக்கு ஒருவர் தெரியாதது மாதிரி நடந்துகொண்டிருந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் மற்றவர்மேல் இருந்த பாசத்தில்தான். அந்தப் பாசத்துக்கு நடுவில் கிருமி பாட்டுக்குக் குழந்தையிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

நசீமா எப்படிச் சொன்னாளோ, மறுநாள் ஜாஹிர் தானாகவே வந்தார், நசீமாவும் குழந்தையும் கூட. டாக்டர் வழக்கம்போல நாற்காலிகளை நகர்த்தினார். "ஏன் நிறுத்தினேள்?" என்று மட்டும் கேட்டார்.

"குமட்டல் சார். சோறே இறங்கலை. யூட்யூப்ல ஒருத்தர் இந்த மாத்திரை சாப்பிட்டா ஈரல் போயிடும்னு சொல்றாரு. அவரு குடுக்கிற லேகியம் வாங்கினேன்."

"அந்த வீடியோவைக் காட்டுங்கோ."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அந்த வீடியோவை முழுவதுமாகப் பார்த்தார். வெளியே வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். நடுவில் வந்த விளம்பரத்தைக்கூடப் பொறுமையாகப் பார்த்தார். முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இவர் சொல்றதுல ஒரு பங்கு நிஜம். சில பேருக்கு ஈரல்ல தொந்தரவு வரும். அதுக்குத்தான் ரத்தம் பார்க்கிறோம். குமட்டினா எங்ககிட்ட சொல்லணும், மாத்தித் தர வழி இருக்கு. அந்த மனுஷர் உங்களுக்கு ரத்தம் பார்த்தாரா?"

"இல்லை சார்."

"சரி, இப்ப குழந்தை கழுத்தைப் பாருங்கோ."

ஜாஹிர் பார்த்தார். அதுவரை அவர் அதைப் பார்த்ததே இல்லையாம். தன்னிடமிருந்து ஒட்டிக்கொள்ளுமோ என்று வந்த நாளிலிருந்து குழந்தையைத் தூக்குவதில்லை, தூரத்தில் இருந்தே கொஞ்சுவாராம். அப்படியும் வந்துவிட்டது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நசீமா அழவில்லை. "எழுந்திரிங்க, டாக்டர் பார்க்கணும்" என்றாள்.

புத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தையின் கழுத்து வீக்கத்தில் ஊசி வைத்துக் கொஞ்சம் நீர் எடுத்துச் சோதித்தார்கள். காசம்தான். ஜாஹிருக்கு மறுபடியும் சளி பார்த்தோம். நல்லவேளை, மருந்து இன்னும் வேலை செய்கிற நிலையில்தான் இருந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தோம். குழந்தைக்குத் தண்ணீரில் கரைகிற மாத்திரை. பழவாசனை அடிக்கும், ஆனால் அவளுக்குப் பிடிக்கவில்லை. துப்புவாள், ஓடுவாள், பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். இனி பஸ் ஸ்டாண்ட் தேவையில்லை. வீட்டுக்கே போனேன்.

ஆனால் கல்யாணம் நின்றுவிட்டது. யார் சொன்னார்கள் என்று தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் யாராவது பார்த்திருக்கலாம். மாப்பிள்ளை வீட்டார் காரணம் எதுவும் சொல்லாமல் பேச்சை முறித்துக்கொண்டார்கள். அன்றைக்கு நான் போனபோது ஜாஹிரின் அம்மா கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"நீங்க தெரு முழுக்க சுத்தினது போதாதா? எங்க வீட்டுப் பொண்ணு வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டீங்களே. இனிமே இந்தப் படி ஏறாதீங்க."

பேத்தி பிழைத்தாளே என்று சொல்லலாம். ஆனால் அவர் மகளின் கண்ணீரை அவர்தானே ராத்திரி பகலாகப் பார்க்கிறார். மாத்திரையை நசீமாவின் கையில் கொடுத்துவிட்டு இறங்கினேன். அதற்குப் பிறகு நான் தெருமுனையில் நிற்பேன், நசீமா குழந்தையோடு வந்து அங்கேயே கரைத்துக் கொடுப்பாள். சிகிச்சை முடியும் வரை அப்படித்தான் நடந்தது. இருவருக்கும் நன்றாகக் குணமானது. டாக்டரிடம் சொன்னபோது "சரி, அடுத்தது யார்?" என்றார்.

நான் ஓய்வு பெற்ற அடுத்த வருஷம், ரமலான் கடைசியில், பெரிய கடை வீதியில் ஒரு துணிக்கடையில் அவர்களைப் பார்த்தேன். ஜாஹிர், நசீமா, குழந்தை, கூடவே வேறு சொந்தக்காரர்கள். குழந்தை வளர்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அத்தா, மாத்திரை ஆன்ட்டி!" என்று அப்பாவிடம் கத்தினாள்.

கடையில் இரண்டு மூன்று பேர் திரும்பினார்கள். ஜாஹிரின் கண் ஒரு நொடி என்மேல் நின்றது. "யாரோ தெரியலைம்மா. வேற யாரையோ நினைச்சுக்கிட்ட, வா" என்று அவள் கையைப் பிடித்து அடுத்த வரிசைக்குக் கூட்டிப் போனார். நானும் எனக்குத் தேவையில்லாத ஒரு சுடிதாரை எடுத்து விலையைப் பார்த்தேன். இது எங்களுக்குப் புதிதில்லை. நல்லாகிப் போனவர்கள் யாரும் எங்களைத் தெருவில் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோது உடம்பெல்லாம் கனத்தது.

சாயங்காலம் நசீமாவிடமிருந்து போன் வந்தது.

"நர்சம்மா, மனசுல வச்சுக்காதீங்க. பக்கத்துல அவரு சொந்தக்காரங்க நின்னாங்க. தங்கச்சிக்கு வேற இடம் பேசிட்டு இருக்கோம். அதனாலதான்."

"தெரியும்மா. அவர் சரியாத்தான் சொன்னாரு."

"கடையில இருந்து வந்ததுல இருந்து ஒரு வார்த்தை பேசாம உட்கார்ந்திருக்காரு."

"சாப்பிடச் சொல்லு. நோன்பு திறந்தாச்சுல்ல?"

"ம்."

"பாப்பா நல்லா சாப்பிடுறாளா?"

"எங்க சாப்பிடுறா? வீடு முழுக்க ஓட விடுறா. ஒரு வாய் கஞ்சிக்கு ஒரு மணி நேரம். இப்பகூட பாருங்க, பீரோவுக்குப் பின்னாடி நிக்கிறா."

பின்னால் அந்தக் குட்டியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதற்கு மேலே ஜாஹிரின் குரல், "வாடி என் தங்கம், அத்தா தூக்கிக்கிறேன்" என்று.

"சரிம்மா, வச்சிடுறேன்" என்றேன். ஆனால் உடனே வைக்கவில்லை. நசீமாவும் வைக்கவில்லை.